கரைந்த கஞ்சி எங்கே போகிறது?

கொங்கு நாட்டில் கணியூர் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று திருப்பூர் மாவட்டத்தின் மடத்துக்குளம் வட்டத்தில், அமராவதி ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளையும் ஊர். மற்றது சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில், சுங்கச்சாவடியின் பெயரால் வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்தது. கருமத்தம்பட்டி, சோமனூர் எனத் தறிச்சத்தம் ஓயாத விசைத்தறி வட்டாரத்தைச் சேர்ந்தது. முதல் கணியூரில் விதைநெல் மூட்டைக்குள் நடக்கும் காரியமும், இரண்டாவது கணியூர் வட்டாரத்தில் நெய்த காடா துணி வெளுக்கப் போன இடத்தில் நடக்கும் காரியமும் வேதியியல் கணக்கில் ஒன்றேதான். இரண்டு இடத்திலும் மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாகிறது. உடைப்பது அமைலேஸ் என்ற நொதி. நெல்லில் அதை விதையே சுரந்துகொள்கிறது. ஆலையில் வாங்கி ஊற்றுகிறார்கள். ‘என்சைம் போட்டுச் செய்தது’ என்றால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாதது என்ற எண்ணம் ஜவுளித் தொழிலில் இன்று பரவலாக இருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. செடிக்குள் அமைலேஸ் தனியாக வேலை செய்வதில்லை. அது உடைத்துத் தரும் சர்க்கரையை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் உண்டு. ஆலையில் இல்லை. நொதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி உயிர்கள் அமைத்து வைத்திருந்த ஏற்பாட்டை நாம் விட்டுவிட்டோம் என்பதே என் கட்சி.

விதைநெல்லிலிருந்து தொடங்கலாம். விதையை ஒரு நாள் ஊறவைத்து, நீரை வடித்துச் சாக்கில் கட்டி இன்னொரு நாள் மூட்டமாக வைத்தால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கிறது. மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு நெல்மணியின் பெரும்பகுதி மாவுச்சத்துதான். அது கரையாத உணவு. முளைக்கரு அதை அப்படியே உண்ண முடியாது. நீர் ஏறியதும் கரு ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கியை வெளியிடுகிறது. தவிட்டோடு ஒட்டிய மெல்லிய அலூரோன் அடுக்கு அந்தச் செய்தியைப் பெற்று அமைலேஸைச் சுரந்து உள்ளே அனுப்புகிறது. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலி அங்கே துண்டு துண்டாகி, கடைசியில் குளுக்கோஸாகிறது. கருவோடு ஒட்டியிருக்கும் ஸ்குட்டெல்லம் என்ற தகடு அதை உறிஞ்சிச் சுக்ரோஸாக மாற்றி, முளைக்கும் வேருக்கும் தளிருக்கும் அனுப்பிவைக்கிறது. நொதி சுரப்பது வெளி அடுக்குதான் என்பதை 1890-இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹேபர்லண்ட் காட்டினார். ஜிப்ரலினே அதற்கான கட்டளை என்பதை 1960-இல் ஜப்பானில் யோமோவும் ஆஸ்திரேலியாவில் பாலெக்கும் தனித்தனியே கண்டார்கள். இந்த ஊக்கியே முதலில் நெற்பயிரின் ஒரு நோய் வழியாகத்தான் உலகுக்குத் தெரியவந்தது: நாற்றை அளவுக்கு மீறி நெட்டையாக்கிச் சாய்த்துவிடும் பூஞ்சையை ஆராய்ந்த குரோசாவா, அப்பூஞ்சை சுரக்கும் ஏதோவொரு பொருளே காரணம் என்று 1926-இல் கண்டறிந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, கட்டளை கொடுப்பவரும் சரக்கை வாங்குபவரும் ஒருவரே என்பது. கருதான் கேட்கிறது, கருதான் உண்கிறது. சர்க்கரை மிஞ்சியிருக்கும்போது நெல்லின் முளைக்கருவில் அமைலேஸ் மரபணுக்களின் வேலை மட்டுப்படுகிறது. சர்க்கரை தீர்ந்தால் முடுக்கப்படுகிறது. எவ்வளவு தேவையோ அவ்வளவு உடை என்ற கணக்கு விதைக்குள்ளேயே இருக்கிறது. இலையில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமானது. பகலில் வெயிலில் சமைத்த உணவில் ஒரு பங்கை இலை மாவுச்சத்தாகச் சேர்த்துவைத்து இரவில் உடைத்துத் தின்கிறது. அங்கே முன்னிற்பது அமைலேஸ் குடும்பத்தின் இன்னொரு கிளையான பீட்டா அமைலேஸ். அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியை வைத்து இங்கிலாந்தில் செய்த ஆய்வுகளில், இருட்டியது முதல் ஏறக்குறைய ஒரே சீரான வேகத்தில் மாவுச்சத்து குறைந்துகொண்டே வந்து, விடியும்போது சுமார் 95 சதவீதம் தீர்ந்திருப்பது தெரிந்தது. வழக்கத்துக்கு முன்னதாக விளக்கை அணைத்து இரவை நீட்டினாலும் செடி ஏமாறவில்லை. கையிருப்பையும் விடியலுக்குள்ள நேரத்தையும் வைத்து உடைக்கும் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அதாவது செடியின் மாவுச்சத்துக் கதையில் நொதியின் வெட்டும் திறமை ஒரு பகுதிதான். எப்போது, எவ்வளவு, யாருக்காக என்ற மூன்றும் சேர்ந்தே அந்தக் கதை முழுமையாகிறது.

கட்டளை தவறான நேரத்தில் வந்துவிட்டால் இதே நொதி கேடாக முடிவதும் உண்டு. அறுவடைக்குக் காத்திருக்கும் கதிர் மழையில் சாய்ந்து நீரில் கிடந்தால் கதிரிலேயே முளை விடும். அந்த நெல்லுக்கு விலை போகாது. மாறாக, நாமே திட்டமிட்டு நொதியைப் பயன்படுத்திக்கொள்வதும் பழைய பழக்கம்தான். கெட்டியாகக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ் ஆறி வெதுவெதுப்பாக இருக்கும்போது, முளைகட்டி உலர்த்தி அரைத்த கேழ்வரகு மாவில் ஒரு கரண்டி எடுத்துக் கலந்து பார்க்கலாம். கரண்டி நிற்கும் பதத்தில் இருந்த கூழ் சில நிமிடங்களில் தண்ணீர்போல் இளகிவிடும். முளைத்த கேழ்வரகில் அமைலேஸ் மிகுதி. குழந்தைகளுக்கு நீர் சேர்க்காமலே, சத்துக் குறையாமலே இளகிய கஞ்சி கொடுக்க இதைப் பயன்படுத்தலாம் என்று 1980-களில் பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் குழுவினர் ஆராய்ந்து சொன்னார்கள். கூழ் இளகினாலும் அதிலிருந்த சத்து ஒரு துளியும் குறையவில்லை. கெட்டி போயிற்று, எடை போகவில்லை. துணிக்கு வரும்போது இந்த ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம்.

நொதிகளின் வரலாறே இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. 1811-இல் ரஷ்யாவில் கிர்ச்சாஃப் மாவுச்சத்தை அமிலத்தோடு கொதிக்கவைத்துச் சர்க்கரையாக்கியிருந்தார். 1833-இல் பாரிஸில் அன்செல்ம் பாயன், ழான்-ஃபிரான்சுவா பெர்சோ என்ற இருவர் முளைத்த பார்லியை நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் ஆல்கஹாலை ஊற்றி, வெண்ணிறப் பொடி ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். தன் எடையைப்போல 2,000 மடங்கு மாவுச்சத்தை இளக்கும் பொருள் என்று அதைக் குறிப்பிட்டார்கள். டயஸ்டேஸ் என்று அவர்கள் பெயரிட்ட அந்தப் பொடிதான் உலகில் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட நொதி. அதன் சாரம்தான் நாம் பேசும் அமைலேஸ். இதே பாயன் 1838-இல் செடிகளின் செல்சுவரிலிருந்து வேறொரு பொருளைப் பிரித்து அடையாளம் காட்டினார்: செல்லுலோஸ். பருத்தி நூல் என்பது ஏறக்குறைய முழுக்க அதுதான். ஆக, துணியில் ஏறிய கஞ்சியைத் தின்னும் நொதியையும், அந்த நொதி தொடாமல் விட்டுவைக்கும் நூலின் பொருளையும் ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே மனிதர் கண்டிருக்கிறார். இரண்டும் குளுக்கோஸ் கோத்த சங்கிலிகளே. கோத்திருக்கும் முறை மட்டும் வேறு. மாவுச்சத்தில் ஆல்பா பிணைப்பு, செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு. அந்தச் சின்ன மாற்றத்தால் ஒன்றை நாம் சோறாக உண்கிறோம், மற்றொன்றை உடுத்துகிறோம்.

துணிக்கு ஏன் கஞ்சி? தறியில் நெடுக்கே ஓடும் பாவு நூல் படும் பாடு சாதாரணமானதல்ல. நாடா குறுக்கே பாய்வதற்காக அது நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் மேலும் கீழுமாகப் பிரிக்கப்படுகிறது. அச்சுப் பற்களிலும் விழுதுக் கண்களிலும் உரசுகிறது. எப்போதும் இழுவிசையில் இருக்கிறது. மேலே பசை பூசிப் பிசிறை அடக்காவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். கைத்தறிக் காலத்தில் ஊருக்குள் பாவடி என்று நீளமான வெளி ஒதுக்கி, விடிகாலையில் பாவை நீட்டிக் கட்டி, சோற்றுக் கஞ்சியைத் தடவிப் பிரஷ் போட்டு நூலை விறைக்கவைத்தார்கள். விசைத்தறி வந்தபின் அந்த வேலை சைசிங் ஆலைக்குப் போயிற்று. நூல் தாள்போல விரிந்து சூடான கஞ்சித் தொட்டியில் முங்கி, ரோலர்களில் பிழிபட்டு, நீராவி உருளைகளில் காய்ந்து, பீமில் சுற்றிக்கொண்டு தறிக்கு வருகிறது. கஞ்சி இப்போது சோளமாவு, மரவள்ளி மாவு, இவற்றின் மாற்றிய வடிவங்கள், கூடவே கொஞ்சம் கொழுப்பு, சில இடங்களில் செயற்கைப் பசை. பருத்திப் பாவில் நூலின் எடையில் சுமார் 8 முதல் 15 சதவீதம்வரை இது ஏறுகிறது. மரவள்ளி என்றால் சேலம், நாமக்கல், தருமபுரி நினைவுக்கு வரும். அங்கே கிழங்கில் செடி தன் வருங்காலத்துக்காகச் சேர்த்துவைத்த மாவுச்சத்து, இங்கே சில நாள் தறியில் நூலைக் காப்பாற்றிவிட்டு வேலை முடிந்து நிற்கிறது. பனியன் துணிக்கு இந்தத் தொல்லை கிடையாது. வளையம் வளையமாகப் பின்னும் எந்திரத்தில் நூலுக்கு அவ்வளவு உரசல் இல்லை. மெழுகு தடவினால் போதும். ‘திருப்பூர்’ என்று ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடும் பகுதிக்குள் கஞ்சி தேவைப்படாத துணியும், கஞ்சியில்லாமல் நெய்யவே முடியாத துணியும் பத்துப் பதினைந்து மைல் இடைவெளியில் உருவாகின்றன.

நெய்து முடித்ததும் கஞ்சியை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் வெளுப்பும் சாயமும் உள்ளே இறங்காது, துணி திட்டுத்திட்டாகும். இதற்கு டீசைசிங் என்று பெயர். பழைய முறைகளில் ஒன்று, துணியை ஈரத்தோடு நாட்கணக்கில் ஊறப்போட்டுப் புளிக்கவிடுவது. இன்னொன்று அமிலம். கிர்ச்சாஃப் காட்டியபடி அமிலம் மாவுச்சத்தை உடைக்கும்தான், ஆனால் அதற்கு ஆல்பா பிணைப்பு, பீட்டா பிணைப்பு என்ற பேதம் தெரியாது. கொஞ்சம் அதிகமானால் நூலையும் சேர்த்துத் தின்றுவிடும். ஆக்சிஜனேற்றப் பொருள்களும் அப்படியே. அமைலேஸுக்கு அந்தக் கண் உண்டு. கஞ்சியை மட்டும் வெட்டி, பருத்தியைத் தொடாமல் விடுகிறது. முதலில் மால்ட் சாற்றைப் பயன்படுத்தினார்கள். முளைத்த தானியத்தின் நொதி சூட்டைத் தாங்காது. 1917 வாக்கில் பொய்டின், எஃப்ரோன் என்ற இருவர் பாசில்லஸ் பாக்டீரியாவிலிருந்து எடுத்த அமைலேஸைத் துணிக்குக் கொண்டுவந்தார்கள். இன்று கொதிநிலையை ஒட்டிய சூட்டிலும் வேலை செய்யும் வகைகள் கிடைக்கின்றன. இதில் ஒரு வேடிக்கை. அமைலேஸ் தன் வடிவம் குலையாமல் நிற்கக் கால்சியம் வேண்டும். தொட்டியில் கொஞ்சம் கால்சியம் குளோரைடு போடும் வழக்கம்கூட உண்டு. சாயக்காரர் சபித்துக்கொண்டே மென்மையாக்கும் போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு, இந்த ஒரு கட்டத்தில் மட்டும் வேண்டப்பட்ட விருந்தாளி. பனியன் லேபிளில் ‘பயோ வாஷ்’ என்று போட்டிருப்பது இந்த நொதியை அல்ல. அது செல்லுலேஸ், அமைலேஸ் தொடாத பருத்தியையே லேசாகக் கொறித்து, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை நீக்கி மழமழப்பாக்குவது. இரண்டையும் ‘என்சைம்’ என்ற ஒரே பெயரில் கூப்பிடுவதால் குழப்பம் நேர்கிறது.

துணிக்கு அமைலேஸ் நல்லது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கேள்வி தண்ணீரைப் பற்றியது. கஞ்சி போய்விட்டதா என்று பார்க்க ஆலையில் எளிய சோதனை ஒன்று செய்கிறார்கள்: துணியில் அயோடின் கரைசலை ஒரு சொட்டு விடுவது. மாவுச்சத்து இருந்தால் கருநீலம் பரவும், குறைந்தால் ஊதா, சுத்தமாக இல்லையென்றால் அயோடினின் சொந்தப் பழுப்பு மட்டும். டெகேவா என்ற அளவுகோலில் ஒன்று முதல் ஒன்பதுவரை வைத்து ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள். மாவுச்சத்துச் சங்கிலி சுருள் வடிவில் இருப்பதால், அந்தச் சுருளுக்குள் அயோடின் புகுந்து உட்காரும்போதுதான் நீலம் தெரிகிறது. அமைலேஸ் சங்கிலியைச் சிறு துண்டுகளாக்கியபின் சுருள் இல்லை, நீலமும் இல்லை. கழுவி வெளியேறிய தண்ணீரில் அதே அயோடினை விட்டுப் பார்த்தாலும் நீலம் வராமல் போகலாம். ஆனால் கஞ்சியாக ஏறிய ஒவ்வொரு கிலோவும் டெக்ஸ்ட்ரின் துண்டாகவும் மால்டோஸாகவும் குளுக்கோஸாகவும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. இந்தச் சோதனையால் துணி சுத்தமானதை அறியலாமே தவிர, நீர் என்ன ஆனது என்பதை அறிய முடியாது.

அந்த நீர் ஆற்றில் சேர்ந்தால் அதை உண்பதற்கு நுண்ணுயிர்கள் இருக்கின்றன. உண்ணும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. வேதிச் சமன்பாட்டின்படி ஒரு கிலோ மாவுச்சத்து முழுவதும் எரிந்து தீர ஏறக்குறைய 1.2 கிலோ ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர்ச் சூட்டில், 30 டிகிரியில், சுத்தமான நீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் வைத்திருக்க முடியும். வகுத்துப் பார்த்தால் ஒரு கிலோ கஞ்சி ஒன்றரை லட்சம் லிட்டர் நீரின் ஆக்சிஜனைக் காலி செய்யக்கூடியது. ஒரு டன் காடா துணியில் பாதி பாவு நூல் என்றும், அதில் பத்து சதவீதம் கஞ்சி என்றும் வைத்தால் 50 கிலோ. 75 லட்சம் லிட்டர் நீருக்கான ஆக்சிஜன். ஓடும் ஆறு காற்றிலிருந்து ஆக்சிஜனைத் திரும்பத் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்பதால் இது அப்படியே நடந்துவிடாது. சுமையின் பருமனைக் காட்டத்தான் இந்தக் கணக்கு. நெய்த பருத்தித் துணியைப் பதப்படுத்தும் ஆலையின் மொத்தக் கழிவில், பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையில் ஏறக்குறைய பாதி இந்த டீசைசிங் நீரிலிருந்தே வருவதாகத் துறை நூல்கள் சொல்கின்றன. சாயத்தைக் கண்ணால் பார்க்கிறோம், கோபப்படுகிறோம். கஞ்சித் தண்ணீர் கலங்கலாக மட்டும் இருப்பதால் கோபம் வருவதில்லை.

‘சர்க்கரைதானே, தானாக மட்கிவிடும், அதுதானே என்சைமின் நன்மை’ என்று கேட்கலாம். மட்கும் என்பது சரி. மட்குவதுதான் இங்கே பிரச்சினையும். முழுச் சங்கிலியாக இருக்கும் மாவுச்சத்தை நுண்ணுயிர்கள் முதலில் தாமே உடைத்தாக வேண்டும், அதற்கு நேரமாகும். அமைலேஸ் அந்த வேலையை முன்கூட்டியே முடித்துக்கொடுத்துவிடுகிறது. ஆக்சிஜன் கடன் கூடவில்லை, ஆனால் அது தவணையில்லாமல் ஒரே மூச்சில் வசூலாகிறது. வாய்க்கால்போல மெதுவாக ஓடும் நீரில் இது மீனுக்கு மரண ஆபத்து. நல்ல சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் இதே எளிமை நன்மையாக மாறும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உயிரியல் தொட்டியில் சர்க்கரை சுலபமாகச் செரிக்கும். ஆனால் அங்கே ஆற்றுக்குப் பதில் காற்றூதும் எந்திரம் ஆக்சிஜன் தருகிறது, அதற்கு மின்கட்டணம் கட்ட வேண்டும், தின்று பெருத்த நுண்ணுயிர்கள் சேறாகத் தேங்கும், அந்தச் சேற்றையும் எங்காவது கொண்டுபோய்ப் போட வேண்டும். மட்கும் பொருள் என்பதால் செலவில்லாத பொருள் ஆகிவிடாது.

‘நம் பகுதியின் பிரச்சினை உப்பு, கஞ்சி சில்லறை விஷயம்’ என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. நொய்யல் ஆற்றின் கதை அதைத்தான் சொல்கிறது. திருப்பூர்ச் சாயநீரின் உப்பு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை வந்தது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது, ஆகவே சவ்வூடு பரவலும் ஆவியாக்கியும் வைத்து அதைப் பிடிக்க நேர்ந்தது. பனியன் துணியைப் பொறுத்தவரை கஞ்சி சில்லறை விஷயம்கூட அல்ல, அங்கே அது இல்லவே இல்லை. அதனால்தான் திருப்பூரின் அனுபவத்தை அப்படியே நெய்த துணிக்குப் பொருத்தக் கூடாது என்கிறேன். விசைத்தறித் துணியில் கஞ்சி முதல் சுமை. அதோடு, கஞ்சி ஏறும் ஊர் ஒன்று, இறங்கும் ஊர் இன்னொன்று. சோமனூர், பல்லடம் பகுதிகளின் காடா துணியில் பெரும்பங்கு வெளுக்காமல் அப்படியே வட மாநிலங்களுக்கும் பிற ஊர்களுக்கும் போகிறது. சைசிங் ஆலை கஞ்சியைக் கூட்டிப் போட்டால் தறியில் நூல் அறுவது குறையும், கூலிக்கு ஓட்டும் தறிக்காரருக்கு நிம்மதி, ஆலைக்கும் நல்ல பெயர். கூடுதல் கஞ்சிக்கான விலையை எங்கோ ஒரு பதப்படுத்தும் ஆலையும் அதன் ஆறும் கொடுக்கின்றன. நெல்மணியில் கட்டளையும் உணவும் ஒரே கருவிடம் இருந்தன. இங்கே கஞ்சி போடுகிறவருக்கு நொதி ஊற்றுகிறவரைத் தெரியாது.

மாவுச்சத்தையே விட்டுவிட்டு, பி.வி.ஏ. என்ற செயற்கைப் பசைக்கு மாறலாம் என்று ஒரு யோசனை பல காலமாக உண்டு. வெந்நீரில் கரைந்து வரும், நொதியே வேண்டாம், கழுவிய நீரைச் சவ்வு வழியே வடிகட்டிப் பசையை மீட்டு மறுபடி பூசலாம். அமைலேஸ் உடைத்த மாவுச்சத்தை அப்படி மீட்க முடியாது, உடைத்த சங்கிலி ஒட்டாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மீட்டெடுத்த பசை மறுபடி சைசிங் ஆலைக்கு வர வேண்டுமே. பூசுவது கருமத்தம்பட்டியிலும் கழுவுவது ராஜஸ்தானிலும் என்றால் அந்தப் பயணத்துக்கு யார் கூலி கொடுப்பது? ஒரே வளாகத்தில் நெய்து வெளுக்கும் பெரிய மில்லுக்கு மட்டும் பொருந்தும் வழி அது. மீட்காமல் விட்டால் பி.வி.ஏ. எளிதில் மட்காமல் நீரிலேயே தங்கும். மாவுச்சத்து வேகமாக மட்கித் தொல்லை தருகிறது என்று சொல்லி, மட்காத ஒன்றை ஆற்றில் விடுவது முன்னேற்றமாகாது.

ஆகவே மாவுச்சத்தும் இருக்கட்டும், அமைலேஸும் இருக்கட்டும்; அந்தச் சர்க்கரையை வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும். அதற்கு முன்மாதிரி தொலைவில் இல்லை. சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகள் பலவற்றில் மரவள்ளி மாவு கழுவிய நீரை மூடிய தொட்டியில் காற்றுப்புகாமல் நொதிக்கவைத்துப் பயோகேஸ் எடுக்கிறார்கள். காற்றில்லாத இடத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் கேட்பதில்லை, மீத்தேன் தருகின்றன. ஒரே கிழங்கின் மாவுச்சத்து, பயணத்தின் தொடக்கத்தில் சிந்தினால் எரிவாயு ஆகிறது, முடிவில் சிந்தினால் கழிவாகிறது. கணக்குப்படி ஒரு டன் துணியின் 50 கிலோ கஞ்சியிலிருந்து சுமார் 20 கன மீட்டர் மீத்தேன் வரலாம். ஏறக்குறைய ஒரு வீட்டுச் சிலிண்டர் அளவு எரிபொருள். நடைமுறையில் குறையும். இது பெரிய பணமில்லை, அதனால்தான் யாரும் ஓடிப்போய்ச் செய்யவில்லை. ஆனால் காற்றூதும் மின்செலவு மிச்சமாவதையும் சேறு குறைவதையும் கூட்டினால்தான் அதன் உண்மையான மதிப்பு தெரியும். அதற்கு ஒரு நிபந்தனை: டீசைசிங் நீரைச் சாயநீரோடும் காரநீரோடும் கலக்காமல் தனிக் குழாயில் கொண்டுபோக வேண்டும். கலந்துவிட்டால் மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் ஒத்துழைக்காது. ஆய்வகங்களில் இன்னொரு வழியும் செய்து காட்டியிருக்கிறார்கள். கஞ்சியைக் குளுக்கோஸ்வரை உடைத்து, குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற வேறொரு நொதியைச் சேர்த்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. அதையே துணியை வெளுக்கப் பயன்படுத்தலாம். கழற்றிய கஞ்சியே அடுத்த வேலைக்கு மருந்தாகிறது. ஆலை அளவுக்கு இது மலிவாகவில்லை, எனினும் செடியின் ஏற்பாட்டுக்கு இதுவே மிக அருகில் வருகிறது.

இவையெல்லாம் கழுவுமிடத்து வேலைகள். பூசுமிடத்தில் செய்ய வேண்டியது இன்னும் எளிது: பிழியும் ரோலரின் அழுத்தத்தைச் சரியாக வைத்து, நூலுக்கேற்ற அளவுக்கு மேல் கஞ்சி ஏறாமல் பார்த்துக்கொள்வது. பாவில் ஏறாத கஞ்சிக்கு நொதியும் வேண்டாம், ஆக்சிஜனும் வேண்டாம். அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. இன்று ஒரு காடா பேல் கைமாறும்போது நூல் ரகம், அகலம், நீளம், எடை எல்லாம் எழுதியிருக்கும். அதில் ஏறியிருக்கும் கஞ்சி சோளமா, மரவள்ளியா, பி.வி.ஏ. கலந்ததா, எத்தனை சதவீதம் என்பதைச் சீட்டில் பார்ப்பது அரிது. வாங்கிய ஆலை கண்ணை மூடிக்கொண்டு நொதியைக் கூட்டியே ஊற்றுகிறது, கழிவின் அளவும் தெரியாமலே கழுவி விடுகிறது. சைசிங் ஆலை பீமோடு அனுப்பும் சீட்டில் ஒரு வரி கூடினால், அந்த வரி தறிக்காரர், வியாபாரி என்று கைமாறிப் பேலோடு போய்ச் சேர்ந்தால், எவ்வளவு நொதி வேண்டும், தொட்டியில் எவ்வளவு சர்க்கரை வந்து விழும் என்பது துணியை நனைக்கும் முன்பே தெரிந்துவிடும்.